பாஷா என்று ஒரு குடும்பம் இல்லை

முதல் உலகப் போர்க் காலத்தில் உதுமானியப் பேரரசை, அதாவது அன்றைய துருக்கிய சாம்ராஜ்யத்தை, ஆட்டிவைத்த என்வர் பாஷா, தலாத் பாஷா, ஜெமால் பாஷா மூன்று பேரும் அண்ணன் தம்பிகள் கிடையாது. பங்காளிகளும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் உலகப் போரைப் பற்றி எதையாவது படித்துவிட்டு ‘அந்த பாஷா சகோதரர்கள்’ என்று பேச்சை ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆங்கில வரலாற்றுப் புத்தகங்களின் கடைசியில் இருக்கும் பெயர் அட்டவணையைத் திறந்தால் பல நேரம் பாஷா என்ற ஒரே தலைப்பின் கீழே ஒரு கூட்டத்தையே அடுக்கி வைத்திருப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பொஸ்னியக் கிராமம் ஒன்றில் பிறந்த பையன், சைலீசியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த டாக்டர், போலந்துத் தளபதி ஒருவர், லங்காஷயரில் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர், ஸ்மிர்னாவில் பிறந்த ஆர்மீனியக் கிறிஸ்தவர், எல்லோருக்கும் இனிஷியலை முன்னால் போட்டு, பாஷாவைக் குடும்பப் பெயராக்கி, ஒரே பந்தியில் உட்கார வைத்தாயிற்று.

பாஷா என்பது உதுமானியப் பேரரசில் சுல்தான் கொடுத்த பட்டம். துருக்கிய வழக்கில் பட்டம் பெயருக்குப் பின்னால் வரும், அதுதான் குழப்பத்துக்கு மூல காரணம். ஆங்கிலேயர்களின் ‘சர்’ முன்னால் வருவதால் அதை யாரும் குடும்பப் பெயர் என்று நினைப்பதில்லை, பாஷா பின்னால் வந்ததால் மாட்டிக்கொண்டது. போதாததற்கு உதுமானிய முஸ்லிம்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை. அப்பா பெயர், ஊர், தொழில், ஏதாவது ஒரு பட்டப்பெயர், இவற்றை வைத்துத்தான் அடையாளம். ஆக, அந்தக் காலியிடத்தில் பாஷா சுலபமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

பாஷாக்களிலும் படிநிலை உண்டு. ஒரு நீண்ட கோலின் நுனியில் குதிரை வாலைக் கட்டித் தொங்கவிடுவார்கள், அதற்குத் தூக் என்று பெயர். மாவட்ட அளவிலான ஆளுநருக்கு ஒரு வால், மாகாண ஆளுநருக்கு இரண்டு, வசீருக்கு (சுல்தானின் மந்திரிக்கு) மூன்று. சுல்தானுக்கு அதைவிட அதிகம். படை கிளம்பும்போது இந்தக் கோல்கள் முன்னால் போகும், முகாம் போட்டால் கூடாரத்தின் முன்னால் நட்டு வைப்பார்கள். யார் எவ்வளவு பெரிய ஆள் என்பதைத் தூரத்தில் இருந்தே வாலை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

குடும்பப் பெயரோடு இதைச் சேர்த்துப் பேசும்போது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றுவது ஒன்றுதான்: பாஷா பட்டம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகாது. குடும்பப் பெயரின் வேலை எதுவோ, அதைச் செய்யவே கூடாத ஒரு பெயர் இது. பாஷா இறந்தாலோ பதவி பறிபோனாலோ அவர் சேர்த்த சொத்தைக்கூட அரசுக் கருவூலம் எடுத்துக்கொள்ள முடியும், முசாதரே என்று அந்த முறைக்குப் பெயர். 1839-ல் தன்ஸிமாத் சீர்திருத்தம் வரும்வரை அது உயிரோடு இருந்தது. (பணக்கார பாஷாக்கள் மசூதி, பள்ளி, பாலம், குளியல்கூடம் என்று கட்டி அறக்கட்டளையில் எழுதி வைத்ததற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. வக்ஃபாக எழுதிவிட்டால் கருவூலம் கை வைப்பது கஷ்டம், நிர்வாகப் பொறுப்பில் பிள்ளைகளை நியமித்துவிடலாம்.)

இதற்கெல்லாம் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. சொந்தமாக வம்சமும் நிலமும் உள்ள பிரபு என்றைக்காவது சுல்தானையே எதிர்த்து நிற்பான், வம்சமே இல்லாதவனுக்குச் சுல்தானை விட்டால் வேறு கதி இல்லை. பால்கன் கிராமங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களின் பையன்களை எடுத்துவந்து, மதம் மாற்றி, பெயர் மாற்றி, அரண்மனையில் படிக்கவைத்து, திறமைக்கு ஏற்ப மேலே ஏற்றும் தேவ்ஷிர்மே முறை அந்தக் கணக்கில்தான் ஓடியது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் பக்கமிருந்து பார்த்தால் அது கொடுமை. அந்தப் பிள்ளைகளில் சிலர் பேரரசையே நடத்தினார்கள் என்பதும் உண்மை.

சொக்கொலு மெஹ்மெத் பாஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொஸ்னியாவில் விஷேகிராத் ஊருக்குப் பக்கத்தில் சொக்கொலோவிச்சி என்ற கிராமம், செர்பிய ஆர்த்தடாக்ஸ் குடும்பம். அரண்மனைக்கு வந்த பையன் கடற்படைத் தளபதி ஆனார், 1565-ல் தலைமை வசீர் ஆனார், மூன்று சுல்தான்களுக்கு அடுத்தடுத்து அதே பதவியில் இருந்தார். 1566 செப்டம்பரில் ஹங்கேரியில் ஸிகெத்வார் கோட்டை முற்றுகையின்போது சுல்தான் சுலைமான் கூடாரத்துக்குள்ளேயே இறந்துபோனார். வெளியே போர் நடக்கிறது, கோட்டை இன்னும் விழவில்லை, வாரிசு செலிம் வெகு தொலைவில் அனத்தோலியாவில் இருக்கிறார். செய்தி கசிந்தால் சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிசரிப் படை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. மெஹ்மெத் பாஷா மரணத்தை ஒரு மாதத்துக்கும் மேல் மறைத்தார். சுல்தான் பெயரில் ஆணைகள் போய்க்கொண்டே இருந்தன, கோட்டையும் விழுந்தது, செலிம் பெல்கிரேடு பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் படைக்கு விஷயம் தெரிந்தது. அத்தனை ஆயிரம் பேர் நடுவில் அதை எப்படிச் சாதித்தார் என்பதை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

1571-ல் லெபாந்தோவில் உதுமானியக் கடற்படை நொறுங்கியபோது வெனிஸ் தூதரிடம் இவர் சொன்னதாக ஒரு பதில் உண்டு. “உங்களிடமிருந்து சைப்ரஸைப் பிடித்தபோது நாங்கள் உங்கள் கையை வெட்டினோம். எங்கள் கப்பல்களை அழித்தபோது நீங்கள் எங்கள் தாடியை மழித்தீர்கள். வெட்டிய கை முளைக்காது, மழித்த தாடி முன்னைவிட அடர்த்தியாக வளரும்.” தோற்ற தரப்பு ஆள் இப்படிப் பேசுவதற்குத் தனித் தில் வேண்டும். அதற்கேற்ப அடுத்த ஆண்டே கப்பல்களைக் கட்டிக் கடலில் இறக்கியும் காட்டினார்.

தன் கிராமத்தை அவர் மறந்துவிடவில்லை. மூடிக்கிடந்த செர்பிய ஆர்த்தடாக்ஸ் பெச் தலைமைப்பீடம் 1557-ல் மீண்டும் திறக்கப்பட்டபோது முதல் தலைமை ஆயராக உட்கார்ந்தவர் மகாரியே, இவருடைய உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் இஸ்தான்புல்லில் பாஷா, இன்னொருவர் பெச்சில் ஆயர். விஷேகிராத்தில் த்ரினா ஆற்றின் குறுக்கே கட்டிடக் கலைஞர் சினானை வைத்து இவர் கட்டுவித்த பதினோரு வளைவுக் கல்பாலம் இன்றும் நிற்கிறது, 2007-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. 1579-ல் தர்வேஷ் (சூஃபித் துறவி) உடையில் வந்த ஒருவன் இவரைக் கத்தியால் குத்திக் கொன்றான்.

இவருக்கு முன்னால் இருந்த இப்ராஹிம் பாஷாவின் கதை இன்னும் மோசம். பார்கா என்ற கடலோர ஊரில் பிறந்தவர், அடிமையாக வந்து சுலைமானுக்கு உயிர் நண்பர் ஆனவர், 1523 முதல் தலைமை வசீர். ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாகப் போர். 1536 மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி சுல்தானோடு விருந்து சாப்பிட்டு அரண்மனையிலேயே தூங்கப் போனவரை விடிவதற்குள் கழுத்தை நெரித்து முடித்துவிட்டார்கள். அவருடைய பெரிய மாளிகை இஸ்தான்புல் ஹிப்போட்ரோம் சதுக்கத்தில் இன்றும் இருக்கிறது, துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமாக. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

1683-ல் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்ற காரா முஸ்தபா பாஷாவுக்கும் அதே முடிவுதான். அந்த டிசம்பர் 25 அன்று பெல்கிரேடில் பட்டுக் கயிறு. அவருடைய மண்டை ஓடு என்று சொல்லி ஒன்றை வியன்னா நகர அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் காட்சிக்கு வைத்திருந்தார்கள், உண்மையில் அவருடையதுதானா என்பது சந்தேகம். கொடுத்த கையே எடுத்துக்கொள்ளும் என்பது இந்தப் பட்டத்தோடு சேர்ந்தே வந்த நிபந்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு இருந்ததா என்றால் இருந்தது. அல்பேனிய வம்சாவளியில் வந்த கோப்ரூலு மெஹ்மெத் பாஷா 1656-ல் தள்ளாத வயதில் தலைமை வசீர் ஆனார், என் வேலையில் யாரும் தலையிடக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டுதான் பதவிக்கே வந்தார். 1661-ல் அவர் இறந்ததும் மகன் ஃபாஸில் அகமது பாஷா அதே நாற்காலிக்கு வந்தார். அப்பாவுக்குப் பின் பிள்ளை என்பது அந்தப் பதவியில் அபூர்வம். மேலே சொன்ன காரா முஸ்தபாவும் அந்த வீட்டில் வளர்ந்தவர்தான். அப்புறமும் அந்தக் குடும்பத்திலிருந்து தலைமை வசீர்கள் வந்தார்கள். ஆனால் குடும்பத்தைக் குறித்தது கோப்ரூலு என்ற ஊர்ப்பெயர்தான், பாஷாவைத் திரும்பத் திரும்பத் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த வம்சத்தில் வந்த மெஹ்மெத் ஃபுவாத் கோப்ரூலு என்ற வரலாற்றாசிரியர் 1950-களில் துருக்கியின் வெளியுறவு அமைச்சராக இருந்தார்.

சரி, வெளிநாட்டு பாஷாக்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கிளோட் அலெக்ஸாந்தர் த பொன்வால் பிரெஞ்சுப் பிரபு. பிரான்சில் சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்திரியாவுக்குப் போனார், அங்கே இளவரசர் யூஜீனோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்துப் போரிட்டார், அப்புறம் அதே யூஜீனோடு சண்டை போட்டுக்கொண்டு துருக்கியரிடமே வந்து சேர்ந்தார். மதம் மாறி ஹும்பராஜி அகமது பாஷா ஆகி, உதுமானியர்களின் குண்டுவீச்சுப் படையைச் சீர்திருத்தினார். இஸ்தான்புல்லில் இவரைப் போய்ப் பார்த்த வெனிஸ் ஊர்சுற்றி கசனோவா எழுதி வைத்த ஒரு காட்சி உண்டு. நூலகத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய், கம்பி போட்ட அலமாரிகளின் திரையை பாஷா விலக்கினால், உள்ளே புத்தகத்துக்குப் பதில் வரிசையாக மது பாட்டில்கள். கசனோவா சொல்வதில் எவ்வளவு நிஜம் என்பது வேறு விஷயம், இந்த மனிதரைப் பற்றி அப்படி ஒரு கதை பொருந்திப் போகிறது என்பதே போதும்.

யோசெஃப் பெம் போலந்துக்காரர், 1848-49 ஹங்கேரியப் புரட்சியில் டிரான்சில்வேனியாவைப் பிடித்துக் கொடுத்த தளபதி. புரட்சி தோற்றதும் ஆயிரக்கணக்கானவர்களோடு உதுமானிய எல்லைக்குள் ஓடிவந்தார். ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஒப்படை ஒப்படை என்று நெருக்கின. மதம் மாறி சுல்தானின் சேவைக்குள் நுழைந்து முராத் பாஷா ஆனார், அலெப்போவுக்கு அனுப்பப்பட்டு 1850 டிசம்பரில் அங்கேயே இறந்தார். 1929-ல் போலந்து தன் வீரரின் எலும்புகளைச் சொந்த ஊரான தார்னுவுக்குக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல். முஸ்லிமாக இறந்தவரைக் கத்தோலிக்கத் திருச்சபை புனிதப்படுத்திய மண்ணில் புதைக்க முடியாது. அப்படியானால் மண்ணிலேயே வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பூங்காவில் ஒரு குளம், குளத்தின் நடுவில் ஒரு திட்டு, அதன்மேல் உயரமான தூண்கள், தூண்களின் தலையில் கல்பெட்டி. இன்றும் அப்படியே அந்தரத்தில்தான் இருக்கிறார். முராத் பாஷாவையும் ஜெனரல் பெம்மையும் ஒரே ஆளாக ஏற்றுக்கொள்ள முடியாத ஊர், இரண்டு பேரையும் சேர்த்து மேலே தூக்கி வைத்துவிட்டது!

எமின் பாஷாவின் கதையில் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். இயற்பெயர் எட்வர்ட் ஷ்னிட்சர், 1840-ல் சைலீசியாவின் ஒப்பெல்ன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். டாக்டருக்குப் படித்துவிட்டு உதுமானிய சேவைக்கு வந்து, எமின் என்று பெயர் வைத்துக்கொண்டு, கார்த்தூம் வழியாகத் தெற்கு சூடானுக்குப் போய்ச் சேர்ந்தார். 1878-ல் எகிப்து அரசின் கீழிருந்த எக்குவடோரியா மாகாணத்துக்கு ஆளுநர். கண்பார்வை மோசம், மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது, அப்படியிருந்தும் ஓய்வு நேரமெல்லாம் பறவை சேகரித்துப் பாடம் செய்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1880-களில் தன்னை மஹ்தி என்று அறிவித்துக்கொண்ட மதத் தலைவரின் கிளர்ச்சி சூடானை விழுங்கியது. 1885 ஜனவரியில் கார்த்தூம் விழுந்து, அங்கே இருந்த பிரிட்டிஷ் தளபதி கார்டன் கொல்லப்பட்டதும் (அவரும் ஒரு பாஷாதான், கார்டன் பாஷா) எமின் தெற்கே தனியாகச் சிக்கிக்கொண்டார்.

கார்டனைக் காப்பாற்றத் தவறிய குற்ற உணர்ச்சியில் இருந்த பிரிட்டனில் எமினையாவது காப்பாற்றியே தீர வேண்டும் என்று பணம் திரட்டினார்கள். ஆப்பிரிக்கப் பயணங்களால் பேர் வாங்கிய ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி 1887-ல் கிளம்பினார். நேர்வழி கிழக்குக் கரையிலிருந்து. அவர் மேற்கே காங்கோ ஆற்று வழியாகச் சுற்றிப் போனார், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் விருப்பம் அப்படி. இத்தூரிக் காட்டுக்குள் பசியிலும் நோயிலும் கூட வந்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1888 ஏப்ரலில் ஆல்பர்ட் ஏரிக்கரைக்கு ஸ்டான்லி வந்து சேர்ந்தபோது மீட்க வந்தவர்கள் கந்தல் துணியில் எலும்பும் தோலுமாக நின்றார்கள். மீட்கப்பட வேண்டியவர் துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளை உடையில், தலையில் துருக்கித் தொப்பியோடு, தன்னுடைய நீராவிப் படகில் வந்து இறங்கினார். துணியும் தானியமும் அவர்தான் இவர்களுக்குக் கொடுத்தார். தனக்கு வருவதற்கே மனசில்லை என்றும் சொன்னார்.

கடைசியில் அவருடைய படையே கலகம் செய்ததால் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. 1889 டிசம்பரில் கிழக்குக் கரையில் பாகமோயோவுக்கு வந்து சேர்ந்தார்கள், ஜெர்மானியர்கள் பெரிய விருந்து வைத்தார்கள். அந்த விருந்தின் நடுவில் எமின் மாடியிலிருந்து கால் இடறிக் கீழே விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். கண் தெரியாத மனுஷன், வாசல் என்று நினைத்திருப்பார். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியவர் ஸ்டான்லியோடு போகாமல் ஜெர்மன் சேவையில் சேர்ந்து மறுபடியும் உள்நாட்டுக்கே திரும்பினார். 1892-ல் காங்கோவில் அடிமை வியாபாரிகளின் ஆட்கள் கழுத்தை அறுத்துக் கொன்றார்கள். அவரைக் காப்பாற்றப் போன பயணத்தில் செத்த நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கச் சுமைகூலிகளின் பெயர்கள் எந்தப் பெயர் அட்டவணையிலும் இல்லை.

லங்காஷயர் ஆங்கிலேயரான ஜான் பகாட் கிளப் கடைசிக் கட்டத்து ஆள். உதுமானியப் பேரரசே போய்ச் சேர்ந்த பிறகு ஜோர்டானில் பாஷா ஆனவர். முதல் உலகப் போரில் தாடையில் குண்டு பட்டதால் பெதூயின்கள் அவரை அபு ஹுனைக் என்றார்கள், குட்டித் தாடைக்காரர் என்று கிண்டலும் பாசமுமாக. 1939 முதல் ஜோர்டானின் அரபு லீஜியன் படைக்குத் தளபதி. 1956 மார்ச் 1-ம் தேதி இளம் மன்னர் ஹுசைன் திடீரென்று பதவியிலிருந்து நீக்கி, மறுநாள் காலையிலேயே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த வேகத்தில் மட்டும் பழைய இஸ்தான்புல்லின் மிச்சம் கொஞ்சம் தெரிகிறது, பட்டுக் கயிறு இல்லாமல்.

எகிப்தை ஒரு பத்தியில் தாண்டிப் போவது அநியாயம், இருந்தாலும் தாண்டுகிறேன். இன்றைய கிரீஸின் கவாலாவில் பிறந்த முகம்மது அலி பாஷா 1805-ல் எகிப்தின் ஆளுநர் ஆனார், 1811 மார்ச் 1 அன்று எகிப்தின் பழைய ஆளும் படைவர்க்கமான மம்லூக்குகளின் தலைவர்களை கெய்ரோ கோட்டைக்கு விழாவுக்குக் கூப்பிட்டு, வெளியேறும் குறுகிய வழியில் கதவுகளை அடைத்துச் சுட்டுத் தள்ளினார், 1841-ல் எகிப்தின் ஆட்சியைத் தன் வம்சத்துக்கே என்று சுல்தானிடம் எழுதி வாங்கினார். அவருடைய வாரிசுகளின் காலத்தில் பாஷா பட்டம் மந்திரிகளுக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் தாராளமாகப் போனது, முஸ்லிம்களுக்கு மட்டும் என்றும் இல்லை. 1878-ல் எகிப்தின் முதல் பிரதமரான நூபார் பாஷா ஆர்மீனியக் கிறிஸ்தவர். 1910-ல் பிரதமராக இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்ட பூத்ரோஸ் காலி பாஷா காப்டிக் கிறிஸ்தவர். அவருடைய பேரன்தான் பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளரான பூத்ரோஸ் பூத்ரோஸ்-காலி. தாத்தாவின் பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராக வந்தது, பாஷா வரவில்லை.

இப்போது அந்த மூன்று பேர்.

தலாத் 1874-ல் இன்றைய பல்கேரியாவில் இருக்கும் கிர்ஜாலியில் பிறந்தவர், எதிர்னே தந்தி அலுவலகத்தில் குமாஸ்தாவாக ஆரம்பித்தவர். ஜெமால் லெஸ்போஸ் தீவில் பிறந்தவர், என்வர் இஸ்தான்புல்காரர். 1908 புரட்சியில் மேலே வந்து, 1913 ஜனவரியில் துப்பாக்கியோடு அமைச்சரவைக் கட்டிடத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்த கூட்டத்தின் முகங்கள். மூன்று பேரும் ஒன்றாகவே பாஷா ஆனவர்களும் இல்லை. என்வர் 1914-ல் 32 வயதில் போர் மந்திரி ஆனபோது பாஷா. தலாத் 1917-ல் தலைமை வசீர் ஆன பிறகுதான் பாஷா. 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிவாளிகளைக் கைது செய்ய உத்தரவிட்டு, பிறகு லட்சக்கணக்கான ஆர்மீனியர்களின் சாவில் முடிந்த நாடுகடத்தலைத் தந்திகள் மூலம் நடத்திய உள்துறை மந்திரி அப்போது வெறும் தலாத் பே, அது பாஷாவுக்குக் கீழான பட்டம். பழைய தந்திக் குமாஸ்தாவுக்குத் தந்தியின் பலம் நன்றாகத் தெரிந்திருந்தது. அதை இனப்படுகொலை என்று சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஜெமால் சிரியாவில் படைத்தளபதி, 1916 மே 6 அன்று டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் அரபு தேசியவாதிகளைப் பொது இடத்தில் தூக்கில் போட்டவர். பெய்ரூட்டின் தியாகிகள் சதுக்கம் என்ற பெயர் அதனால் வந்தது. என்வர் 1914 டிசம்பரில் சாரிகாமிஷ் மலைப்பனியில் குளிர் உடுப்புகூடச் சரியாக இல்லாத படையை ரஷ்யர்களுக்கு எதிராக ஏவி, பல்லாயிரம் சிப்பாய்களை உறைய விட்டவர். இவரை இன்றும் பெரிய வீரராகப் பார்ப்பவர்கள் அந்த மலையைப் பற்றி முதலில் படிக்கலாம்.

1918 நவம்பரில் மூன்று பேரும் ஜெர்மன் கப்பலில் தப்பித்தார்கள். தலாத்தை 1921 மார்ச் 15 அன்று பெர்லினில் பட்டப்பகலில் சொகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனிய இளைஞர் சுட்டார், பெர்லின் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஜெமாலை 1922 ஜூலையில் திபிலிசியில் சுட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஆகஸ்ட் 4 அன்று இன்றைய தஜிகிஸ்தானில் செம்படையோடு மோதி என்வர் செத்தார். தலாத்தின் உடல் 1943-லும் என்வரின் எலும்புகள் 1996-லும் இஸ்தான்புல்லுக்கு வந்து ஒரே குன்றில் அடக்கமாயின.

என்வருக்கு உண்மையாகவே ஒரு தம்பி இருந்தார், அவரும் பாஷா. 1918 செப்டம்பரில் பாகுவைப் பிடித்த நூரி பாஷா. என்வரைவிடச் சின்னவரான ஒரு சித்தப்பாவும் இருந்தார், அவரும் பாஷா. 1916 ஏப்ரலில் மெசபடோமியாவின் கூத் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சரணடைய வைத்து 13,000 பேரைக் கைதியாக்கிய ஹலீல் பாஷா. ஒரே வீட்டில் மூன்று பாஷா!

அப்புறம் 1934 வந்தது. ஜூன் மாதம் துருக்கிக் குடியரசு எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. நவம்பர் 26 அன்று இன்னொரு சட்டம்: எஃபெந்தி, பே, ஹனிம், ஆகா, பாஷா எல்லாம் ரத்து, தளபதிகள் இனி ஜெனரல் என்றும் அமிரால் என்றும் மட்டுமே. பல நூற்றாண்டுகளாகக் குடும்பப் பெயர் மாதிரி வேடம் போட்ட சொல்லை, நிஜமான குடும்பப் பெயர் வந்த அதே ஆண்டில் மூட்டை கட்டினார்கள். இஸ்மெத் பாஷா தான் ஜெயித்த களத்தின் பெயரை எடுத்துக்கொண்டு இஸ்மெத் இனோனு ஆனார். மதீனாவில் போர் நிறுத்தத்துக்குப் பிறகும் 1919 ஜனவரி வரை சரணடைய மறுத்த ஃபக்ரி பாஷா, ஃபக்ரெத்தின் துர்க்கான் ஆனார். ஹலீல் பாஷா ஹலீல் கூத் ஆனார், நூரி பாஷா நூரி கில்லிகில் ஆனார். சித்தப்பாவும் அண்ணன் மகனும் வெவ்வேறு குடும்பப் பெயரில். நூரி அப்புறம் இஸ்தான்புல்லில் ஆயுதத் தொழிற்சாலை நடத்தி, 1949-ல் அங்கே நடந்த வெடிவிபத்தில் செத்தார்.

முஸ்தபா கமால் பாஷாவுக்கு நாடாளுமன்றமே அத்தாதுர்க் என்ற பெயரைக் கொடுத்தது, வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தனிச் சட்டமும் போட்டது. சொந்தத் தங்கை மக்பூலேவுக்கும் அந்தப் பெயர் கிடையாது. அவர் மக்பூலே அத்தாதான் என்று பதிவு செய்துகொண்டார்.

சட்டம் காகிதத்தில் ஜெயித்தது, வாயில் ஜெயிக்கவில்லை. துருக்கியில் ஜெனரல்களைப் பேச்சுவழக்கில் இன்றும் பாஷா என்றுதான் சொல்கிறார்கள், அம்மாக்கள் சின்னப் பையன்களை ‘பாஷாம்’ என்று கொஞ்சுகிறார்கள், குழந்தைகளுக்காகத் தண்ணீர் ஊற்றி ஆற்றிக் கொடுக்கும் டீக்குப் பாஷா டீ என்று பெயர். இஸ்தான்புல் வரைபடத்தில் காசிம்பாஷா, ஹைதர்பாஷா, மஹ்முத்பாஷா, காஸி ஒஸ்மான்பாஷா என்று பேட்டைகளும் ரயில் நிலையமும் கடைத்தெருவுமாக அந்தப் பட்டியல் அப்படியே கிடக்கிறது. எகிப்து 1952 புரட்சியில் பட்டத்தை ஒழித்தது, கெய்ரோவில் போலீஸ்காரரிலிருந்து பார்க்கிங் பார்ப்பவர் வரை யாரைக் கூப்பிட்டாலும் ‘யா பாஷா’தான். சுல்தான் கொடுத்த காலத்தில் இத்தனை பாஷாக்கள் இருந்ததே இல்லை.